மகமையும் மலைச்சரிவும்

கண்மாயைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், உடனே நம் மனக்கண்ணில் வந்து நிற்பது மண் அள்ளும் இயந்திரம்தான். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவார்கள், உள்வாயில் படிந்த வண்டலை அள்ளிக் கரையில் போடுவார்கள், மடைக்குப் புதுச் சிமெண்டு பூசுவார்கள், ஒரு பெயர்ப்பலகையும் நடுவார்கள். நான்கைந்து மழைக்காலம் போனால் கருவேலம் மறுபடி தழைத்திருக்கும்; வரத்துக்கால் குப்பையால் அடைபட்டிருக்கும்; பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். கரைக்குள் அடங்கிய பள்ளம்தான் கண்மாய் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால் வருகிற வினை இது. போடிநாயக்கனூரைப் பொறுத்தவரை கண்மாய் ஊருக்கு மேற்கே, குரங்கணிக்கும் கொட்டகுடிக்கும் மேலே, மழை முதலில் விழுகிற சரிவிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தச் சரிவையும், அங்கிருந்து கண்மாய் வரை நீர் இறங்கி வரும் வழியில் உள்ள நிலத்தையும் காப்பது ஒருமுறை செய்து முடிக்கிற வேலையாகாது. ஆண்டுதோறும் செய்யும் வேலைக்கு ஆண்டுதோறும் பணம் வரவேண்டும். அந்தப் பணத்தை அழியா முதலாக வைத்து ஆளும் ஊர்ப்பொது அறக்கட்டளை ஒன்று இந்த ஊருக்குத் தேவை. அதற்கான மரபும் வசதியும் இந்த ஊருக்கு இருக்கின்றன. இதை வாதிடத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கு மலைமுகட்டில் விழும் மழை இரண்டாகப் பிரிகிறது. முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குவது பன்னியாறு போன்ற ஓடைகள் வழியாகப் பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலை நோக்கிப் போகிறது. இந்தப் பக்கம் இறங்குவது கொட்டகுடி ஆறாகத் திரண்டு போடியைத் தொட்டு, தேனியைக் கடந்து, வைகையில் போய்ச் சேர்கிறது. பங்காருசாமி நாயக்கர் கண்மாயும் மீனாட்சிபுரத்து மீனாட்சியம்மன் கண்மாயும் இந்த ஆற்றை நம்பியவை. ஊரின் குடிநீரும் பெரும்பாலும் இந்த ஆற்றை நம்பியதே. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கு முகத்தில் தன் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சாரலாகத்தான் எட்டிப் பார்க்கிறது. நமக்கு உரியது வடகிழக்குப் பருவம். ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை. சில நாள் மழையை எட்டு மாதத் தண்ணீராக மாற்றுவதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, மேலே மண்ணும் வேரும் சருகும் சேர்ந்த சரிவு. மற்றொன்று, கீழே கண்மாய். முதலாவது நீரை மெல்ல விடுகிறது. இரண்டாவது விட்ட நீரைப் பிடித்து வைக்கிறது. சரிவு வழுக்கையானால் நீர் ஒரே நாளில் மண்ணோடு உருண்டு வருகிறது. அப்படி வந்த மண்தான் கண்மாயில் படிகிறது. அதைத்தான் நாம் பொதுப்பணம் கொடுத்து அள்ளிக்கொண்டிருக்கிறோம். மேலே கசிகிற பானையைக் கீழே துடைத்துக்கொண்டே இருப்பது போன்றது இது.

சரிவு என்றதும் அடர்ந்த காடு என்று எண்ணிவிட வேண்டாம். இந்தச் சரிவில் காப்பி உண்டு, மிளகு உண்டு, இலவம் உண்டு, மா, எலுமிச்சை உண்டு. இடையிடையே ஏலமும் உண்டு. மேலே கொழுக்குமலையில் தேயிலை. நிலத்தில் ஒரு பகுதி பட்டா, மீதி காப்புக்காடு, நடுவே முதுவர்களும் பளியர்களும் வாழும் குடியிருப்புகள். நூறாண்டுக்கு முன்பே இது வணிகம் நடமாடிய மலை. கண்ணன் தேவன் மலைகளின் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. 1908 முதல் டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலே ஓடியது. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்த 1928க்குள் மலைமேல் இருந்த ரயில் மறைந்துவிட்டது. மரநிழலில் வளர்க்கும் காப்பியும் ஏலமும் காட்டுக்கு நேர் பகை என்று சொல்வதற்கில்லை. நிழல்மரம் பலவகையாக இருந்து, கீழே சருகு படிந்து கிடந்தால் அந்தத் தோட்டம் நீர்பிடிப்புக்குக் காட்டில் பாதி வேலையாவது செய்யும். அதிக விளைச்சலுக்காக நிழலைக் கழித்துத் தள்ளும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஏலத்தில் ஞள்ளானி போன்ற ரகங்கள் பரவியபின் விளைச்சல் பெருகியது உண்மை. கூடவே நிழல் குறைந்ததும், மருந்தடிப்பு கூடியதும் உண்மை. தோட்டக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிழல்மரத்தால் கீழே உள்ள ஆயக்கட்டுக்காரருக்குக் கிடைக்கும் நன்மைக்கு மேலே உள்ளவருக்கு யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை. கொடுக்காத நன்மையை எத்தனை நாள் இலவசமாக எதிர்பார்க்க முடியும்?

இனி பணத்துக்கு வருவோம். அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்பவன் நான் இல்லை. 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மீண்டும் தொடங்கியபோது 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. சராசரி பார்த்தால் பணிக்கு ஆறரை லட்சம். 2019–20இல் 1,829 பணிகளுக்கு ஏறத்தாழ 500 கோடி. பணிக்கு 27 லட்சம். பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்ற விதியும் இருந்தது. தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களோடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை சிறிது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம் அந்தப் பணத்தின் குணம். அது ஒரு நிதியாண்டில் வந்து அந்த நிதியாண்டிலேயே செலவழிந்து தீர வேண்டிய பணம். அப்படிப்பட்ட பணம் இயந்திரத்தைத் தேடித்தான் போகும். ஏனென்றால் ஒரே மாதத்தில் 27 லட்சத்தை விழுங்க இயந்திரத்தால்தான் முடியும். ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசியில் வரத்துக்காலை வெட்டிவிடுவது, கலிங்கில் சேர்ந்த மண்ணைத் தள்ளுவது, மடை திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி கொடுப்பது, கோடைக்கு முன் மலையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது என இவையெல்லாம் சில ஆயிரங்களிலும் சில லட்சங்களிலும் முடியும் வேலைகள். எந்த ஆண்டும் விட்டுப்போகக் கூடாதவை. பெரும்பணம் ஒரு தடவை கிடைக்கிறது, சிறுபணம் எப்போதும் கிடைப்பதில்லை என்பதுதான் நம் நீர்நிலைகளின் நிதிநிலை.

பழைய காலம் இந்தச் சிக்கலை அறிந்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. வாரியத் தேர்தலைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். குடவோலையைப் பாடப்புத்தகத்தில் படமாகப் போட்டிருக்கிறோம். வாரியத்தின் கையில் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. ஏரிப்பட்டி என்று ஏரிக்கே நிலம் விட்டார்கள். பொன்னைச் சபையிடம் முதலாக வைத்து, அதன் பலிசையில், அதாவது வட்டியில், ஆண்டுதோறும் குழி குத்தி மண் எடுத்துக் கரையில் போட ஏற்பாடு செய்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியில் வேலை நடத்துவது என்ற கருத்து நமக்குப் பத்து நூற்றாண்டுப் பழக்கம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1914இல் தோன்றியதை உலகின் முதல் ஊர்ப்பொது அறக்கட்டளை என்று சொல்வார்கள்; சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த ஏற்பாடுகள் எப்படிக் கரைந்தன என்பதும் தெரிந்த கதைதான். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஊழியத்துக்காகவும் பொதுக்காரியத்துக்காகவும் விடப்பட்ட மானியங்கள் பலவற்றை வரி விதித்துத் தனியார் சொத்தாக மாற்றிக் கொடுத்தது. அதே 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் வேளையில் ஊரார் வேலைக்கு வரவேண்டும் என்று விதித்தது. நிலத்தை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தார்கள். போடி ஜமீன் ஊர். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் கண்மாய்கள் அரசுக்குச் சேர்ந்தன. அது நியாயமான சட்டம், வரவேற்க வேண்டிய சட்டம். கண்மாயோடு ஒட்டியிருந்த பராமரிப்பு வரும்படி என்ன ஆயிற்று என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கே அறிஞர் ஒருவரின் மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் பழைய ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் ஒரு நூல் எழுதினார். தன்னாட்சி பெற்ற கிராமங்கள் ஒற்றுமையாகக் கண்மாயைக் காத்துவந்தன என்பது பெரும்பாலும் காலனிய அதிகாரிகளும் பிற்காலச் சூழலியலாளர்களும் கட்டிய சித்திரம், உண்மையில் கண்மாய்களை நடத்தியது பாளையக்காரர்களின் கொடையும் அதிகாரமும் சாதி அடுக்கும்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இந்த வாதத்தோடு பெரிய சண்டை இல்லை. மடையைத் திறந்தவர், பறையறைந்து ஆள் கூப்பிட்டவர், இரவில் கரைக்காவல் இருந்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், அவருக்குக் கடைமடையில்கூட நிலம் இருந்ததா என்று கேட்டால் பொற்காலப் பேச்சு அடங்கிவிடும். ஆனால் மோஸின் ஆய்வே ஒன்றை நிறுவுகிறது: நிலைத்த வரும்படியும் அதைக் கேட்டு வாங்கும் அதிகாரமும் இருந்தவரை கண்மாய் நடந்தது, அவை போனபின் நடக்கவில்லை. பழைய அதிகாரத்தை நாம் திரும்பக் கேட்கவில்லை. வரும்படியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதிகாரத்தின் வடிவத்தை மாற்ற வேண்டும் என்கிறேன். அது முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

வடிவம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் பெயர் மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பேட்டைகளில் நாடார் உறவின்முறைகள் வணிகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று சிறுதொகை எடுத்துப் பொதுநிதி சேர்த்தன. விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை 1889இல் எழுந்தது அந்தப் பணத்தில்தான். காமராஜர் படித்த பள்ளி அது. கொடுப்பவருக்கு உறைக்காத தொகை, தவறாமல் கொடுப்பது, கணக்கை ஊர் முன் படிப்பது என்ற மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. போடியும் ஒரு பேட்டைதான். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு மையங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. மற்றொன்று மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில். ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு ஒரு கோடி கிலோ ஏலக்காய் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 50 காசு மகமை என்றால் 50 லட்சம் ரூபாய். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை நினைத்தால் பங்கு இன்னும் தேய்ந்துவிடும். நான்கு ஆண்டு சேர்த்தால் இரண்டு கோடி. ஏழு விழுக்காடு வட்டியில் 14 லட்சம் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கையாவது முதலோடு சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விலைவாசி முதலைக் கரையான் போல அரித்துவிடும். மிச்சம் ஒன்பது லட்சம். ஒரு மண் அள்ளும் ஒப்பந்தத்துக்கு இது போதாது. வரத்துக்கால்களுக்கும் தீத்தடுப்புக்கும் நாற்றுக்கும் காவலுக்கும் தாராளமாகவே போதும். மகமையைக் கட்டாயமாக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாயமானால் அது வரி. வரி போட அரசுக்குத்தான் உரிமை.

இப்படி வேறெங்கும் நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வழியாக 1990களிலிருந்து வளர்ந்த வயலகங்கள், கண்மாய்தோறும் விவசாயிகளின் சங்கம் கட்டி, அவர்கள் பங்களிப்பிலிருந்து ஒரு பகுதியைப் பராமரிப்பு வைப்புநிதியாகப் போட்டு வைக்கும் முறையைப் பழக்கின. கோயம்புத்தூரில் 2003 முதல் இயங்கும் சிறுதுளி என்ற அமைப்பு, தொழில் நகரத்தின் பணம் நொய்யலின் குளங்களுக்குத் திரும்ப முடியும் என்று காட்டியது. 2018 கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பெரிய ஏரியைக் கைஃபா என்ற அமைப்பின் இளைஞர்கள் பொதுமக்களிடம் திரட்டிய நிதியில் சீரமைத்தார்கள். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் இவை பெரும்பாலும் கரைக்கு உள்ளேயே நின்றுவிட்ட முயற்சிகள். கரைக்கு வெளியே, நீர் பிறக்கும் நிலத்துக்குப் பணம் கொண்டுபோன பாடம் ஈக்குவடோர் நாட்டின் கீட்டோ நகரில் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டில் அந்த நகரின் குடிநீர் நிறுவனமும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 21,000 டாலரில், 80 ஆண்டு உயிருள்ள நீர் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கின. பின்னர் குடிநீர் வருவாயில் நூற்றுக்கு இரண்டு அதற்குப் போக வேண்டும் என்று நகராட்சி விதித்தது. ஆண்டீஸ் மலையின் புல்வெளிகளை மீட்கவும் காவலருக்குச் சம்பளம் கொடுக்கவும் அது உதவுகிறது. நியூயார்க் நகரமோ, பல நூறு கோடி டாலரில் வடிகட்டு நிலையம் கட்டுவதா, மேலேயுள்ள கேட்ஸ்கில் மலை நிலத்தையும் அங்குள்ள விவசாயிகளையும் கவனிப்பதா என்று கணக்குப் போட்டு, 1997இல் இரண்டாவதைத் தேர்ந்தது. இவர்கள் எல்லாம் மரத்தின்மேல் காதல் கொண்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். எது மலிவு என்று பார்த்தவர்கள்.

எதிர்ப்புரைகளில் வலுவானது இது: கண்மாய் அரசுச் சொத்து, காடு அரசுச் சொத்து, குடிநீர் கொடுப்பது நகராட்சியின் கடமை, அறக்கட்டளை என்று ஒன்றைக் கொண்டுவந்தால் அரசு கைகழுவிவிடும். அச்சம் நியாயமானது. கல்வியிலும் மருத்துவத்திலும் அப்படி நடந்ததைக் கண்டுதான் பேசுகிறார்கள். அதனால் அறக்கட்டளை எதைச் செய்யக் கூடாது என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றுவது அதன் வேலை அல்ல. அதற்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. பொது நீர்நிலைகளைத் தனியார் வளைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச்லால் திவாரி வழக்கிலும் 2011இல் ஜக்பால் சிங் வழக்கிலும் தெளிவாகவே சொல்லிவிட்டது. கரையை உயர்த்துவதும் அணை கட்டுவதும் நீர்வளத் துறையின் பாடு. இரண்டு துறைகளுக்கு நடுவே விழுந்து கிடக்கும் நிலத்துக்குத்தான் அறக்கட்டளை. மலையில் வனத்துறையின் எல்லைக்கல் முடிகிறது. கண்மாயில் நீர்வளத் துறையின் எல்லைக்கல் தொடங்குகிறது. நடுவே பட்டா நிலமும் ஓடைப் புறம்போக்கும் தோப்பும் வரத்துக்காலின் இரு கரையும். அந்த இடைநிலத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் பக்கத்து அலுவலகத்தைத்தான் காட்டுவார்கள்.

இடைநிலத்தில் பெரும்பங்கு தனியார் பட்டா என்பதால் சட்டச் சிக்கல் உண்டு. மேலைநாடுகளில் நில உரிமையாளர் தன் நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுத்து, நிலத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு சேர்ந்து அடுத்தவர் கைக்கும் போகும். நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் இல்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரு நிலத்தின் மேல் உரிமை கேட்பவருக்கு அதனால் பயன்பெறும் வேறொரு நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். அதே ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவும் அந்த அடிப்படையில்தான், தெரிந்தே வாங்கிய அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது. இதைத் தடை என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு வழிகாட்டியாகவே தெரிகிறது. வரத்துக்காலை ஒட்டிப் பத்து சென்ட், இருபது சென்ட் என்று சில துண்டுகளை அறக்கட்டளை விலைக்கோ கொடையாகவோ பெற்று, அவற்றின் பயனுக்காக மேல்நிலத்துக்காரரோடு பதிவு செய்த ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். இத்தனை நிழல்மரம் வெட்டாமல் இருப்பது, ஓடைக்கரையில் இத்தனை அடி உழாமல் விடுவது. அதற்கு ஆண்டுக்கு இவ்வளவு தொகை. இப்படிப்பட்ட ஒப்பந்தம் நீதிமன்றத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை நல்ல வழக்கறிஞர்கள்தான் செதுக்க வேண்டும். 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் வெட்டாதே என்று ஏற்கெனவே சொல்கின்றன. வெட்டாமல் இருப்பவருக்கு வரவு ஒன்றும் அவை வைக்கவில்லை. தண்டனை மட்டும் இருக்கும் இடத்தில் மரம் இரவில் விழும்.

மலையில் வாழ்பவர்களைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேசினால் பாதி உண்மைதான் பேசினதாகும். இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் மலைமக்கள் வெளியேற்றப்பட்ட கதைகள் இந்தியா முழுதும் உண்டு. பணமுள்ள கீழூர் அறக்கட்டளை ஒன்று மேலூர் நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதுவர்களும் பளியர்களும் சந்தேகப்படுவது இயல்பு. 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்குச் சமூக வன உரிமையையும், தம் காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் தந்திருக்கிறது. அறக்கட்டளை அந்தக் கிராம சபைகளிடம் வேலை வாங்கும் முதலாளியாகப் போகக் கூடாது. அவர்கள் வகுக்கும் திட்டத்துக்குப் பணம் தரும் துணையாகப் போக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். அனுமதி, வழிகாட்டி, பாதை என்று அப்போது நிறைய விவாதம் நடந்தது. காய்ந்த புல்லில் எப்போது தீக்கோடு வெட்டுவது, காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த ஓடையில் கோடையிலும் ஈரம் நிற்கும் என்ற அறிவு அந்த மலையிலேயே வாழ்பவர்களிடம் இருக்கிறது. அந்த அறிவுக்குத் தை மாதம் முதல் சித்திரை வரை தவறாமல் கூலி கொடுக்கும் ஏற்பாடுதான் அரிது. எரிந்த சரிவில் அடுத்த மழைக்கு மண் நிற்காது என்பதையும், அந்த மண் எந்தக் கண்மாய்க்கு வரும் என்பதையும் இந்த ஊர் விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு கூர்மையானது, நகைப்புக்கும் இடம் தருவது. போடியில் ஏலம் போகும் ஏலக்காயில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விளைகிறது. அங்கே பெய்யும் மழை அந்தப் பக்கம் ஓடுகிறது. அந்த நிலத்தின் தலைவிதியோ 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிப்பில் ஏலமலைக் காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று உச்ச நீதிமன்றம் வரை நடக்கும் வழக்கில் இருக்கிறது. ஒரு எண்ணின் முன்னால் ஓர் இலக்கம் இருக்கிறதா இல்லையா என்று நூற்றாண்டு தாண்டியும் வாதிடும் மலை அது. அங்கே விளையும் காய்க்கு இங்கே எதற்கு மகமை? நீரியல்படி பார்த்தால் கேள்வி சரி. வணிகத்தின்படி பார்த்தால் வேறு. அந்தக் காயைத் தரம் பிரிக்கும் பெண்கள் போடியில் வாழ்கிறார்கள்; விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறிக் காட்டுவேலைக்குப் போகிறவர்களும் இந்தக் கண்மாய்களைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள்தான். கிடங்கும் வங்கிக் கணக்கும் வீடும் இங்கே. அவர்கள் குடத்தில் விழும் தண்ணீர் இந்தப் பக்கச் சரிவிலிருந்து வருகிறது. விருதுநகரில் மகமை எடுத்தபோது பருத்தி எந்தச் சீமையில் விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை; வணிகம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊருக்குக் கடன் என்றுதான் கருதினார்கள்.

மகமையின் குறையையும் மறைக்கக் கூடாது. அது ஒரு சாதியின் உறவின்முறைக்குள் பிறந்தது. அதன் பலம் அந்த நெருக்கத்தில் இருந்தது, அதன் எல்லையும் அங்கேயே இருந்தது. கண்மாயோ எல்லாத் தெருவுக்கும் பொது. பணம் கொடுப்பவரே பரிபாலகர் என்று விட்டுவிட்டால் போடியில் ஏல வணிகர்களின் சங்கம் இன்னொன்று கூடும், அவ்வளவுதான். ஆகவே குழுவில் பணம் தந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. மலைக் கிராம சபைகளுக்கு ஒரு பங்கு. மிச்சப் பங்கில் ஆயக்கட்டுதாரர்களோடு, நிலமில்லாமல் கண்மாயை நம்பி வாழ்பவர்களும் உட்கார வேண்டும்: மீன்பாசிக் குத்தகையில் வலை இழுப்பவர், உள்வாயில் ஆடு மாடு மேய்ப்பவர், மடை பார்ப்பவர். பாசனச் சங்கங்களுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம் நில உரிமையாளர்களைத்தான் உறுப்பினராகப் பார்க்கிறது. நிலமில்லாதவர் அதன் கண்ணில் படுவதில்லை. அந்த ஓட்டையை இங்கேயாவது அடைக்கலாம். முதலைத் தொடுவதற்கு முக்கால் பங்கு வாக்கும், ஆண்டுக் கணக்கைக் கண்மாய்க் கரையிலேயே வாசிப்பதும் விதியாக இருக்க வேண்டும். மண்டபத்தில் வாசித்தால் மண்டபத்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான் கேட்பார்கள்.

முதல் ஆண்டில் என்ன செய்வது என்று கேட்டால் என் பதில் சிலருக்குச் சப்பென்று இருக்கும். ஒரு மரம்கூட நட வேண்டாம், ஒரு கூடை மண்கூட அள்ள வேண்டாம். கொட்டகுடி ஆற்றிலிருந்து பங்காருசாமி நாயக்கர் கண்மாய்க்கும் மீனாட்சியம்மன் கண்மாய்க்கும் வரும் ஒவ்வொரு வரத்துக்காலையும் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை அடி அகலம், இரு கரையிலும் யாருடைய பட்டா, எங்கே மண் சரிகிறது, எங்கே சாக்கடை கலக்கிறது, எங்கே கால் இருந்ததற்கான தடயமே இல்லை என்று கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு குறியுங்கள். மேலே குரங்கணிப் பக்கம் கிராம சபைகளோடு உட்கார்ந்து, எந்தச் சரிவு எத்தனை ஆண்டில் எத்தனை முறை எரிந்தது என்று கேட்டு எழுதுங்கள். இந்த இரண்டு குறிப்பேடுகளுக்கும் ஆகும் செலவு, நடப்பவர்களின் நாள்கூலியும் நில அளவையரின் கட்டணமும்தான். நடைக்கு ஏற்ற மாதம் ஆனி. அப்போது கால்கள் காய்ந்து கிடக்கும், அடைப்பு எங்கே என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.